வலப்பக்கத்துக் கை: ஓனிங் தேடி பீற்றர்பரோ வரை

அம்மாவுக்கு லூபஸ் நோய் என்று தெரிந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. வெயில் நேராகப் பட்டால் முகம் சிவக்கும், மறுநாள் மூட்டுகள் வீங்கும். அதனால் மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுத் திரைச்சீலைகள் கோடை முழுக்க மூடியே இருக்கும். அம்மா வெளியே வருவது பொழுது பட்ட பிறகுதான். பகலில் ஒருமுறை ஏரிக்கரையில் இருக்க வேண்டும் என்று இந்த யூன் மாதம் சொன்னார். ஒரேயொரு தடவைதான் சொன்னார். நான் பழைய மோட்டர்ஹோம் ஒன்றை வாங்கியது அதற்காகத்தான்.

வண்டி நன்றாக ஓடியது. ஓனிங்தான் விரியவில்லை. வண்டியின் பக்கவாட்டில் சுருட்டி வைத்து, வேண்டும்போது கூரைபோல இழுத்து விரிக்கும் துணியைத்தான் ஓனிங் என்கிறார்கள். அதை இரு முனைகளிலும் இரும்புக் கைகள் தாங்க வேண்டும். எங்கள் வண்டியில் முன்பக்கத்துக் கை இல்லை. துணியை இழுக்கும் பட்டியும் இல்லை. முழுக்கைச் சட்டை, தொப்பி, கிரீம் எல்லாவற்றோடும் நிழலில் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த நிழலுக்குத்தான் ஒரு கை குறைந்தது.

இணையத்தில் ஒன்று வாங்கினேன். வெக்ஸ்போர்ட்டில் லொறி திருத்தும் யோகன் அண்ணை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உது மற்றப் பக்கத்துக் கை, தங்கச்சி. எங்க நிண்டு இடம் வலம் பாத்தனீர்?"

வண்டிக்குள் நின்று, யன்னலால் வெளியே பார்த்துச் சொல்லியிருந்தேன். வெளியே நின்று வண்டியைப் பார்த்துத்தான் இடம் வலம் சொல்ல வேண்டுமாம். அப்படிப் பார்த்தால் எங்களுக்கு வேண்டியது வலப்பக்கத்துக் கை. நானும் அம்மாவும் மூன்று கோடைகளாக வெயிலை உள்ளிருந்தே பார்த்துப் பழகியவர்கள். வெளியே போய் நின்று பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை.

பீற்றர்பரோவைத் தாண்டி, உடைந்த மோட்டர்ஹோம்களைப் பிரித்து விற்கும் யார்ட் ஒன்று இருப்பதாக அண்ணை விசாரித்துச் சொன்னார். எங்களிடமிருந்து ஏறக்குறைய 130 கிலோமீற்றர். ஒரு சனிக்கிழமை காலை எட்டரைக்குப் புறப்பட்டோம். எங்கள் வண்டியை அண்ணை ஓட்டினார், அம்மா திரைச்சீலைகளை இழுத்துவிட்டுப் பின்னால் இருந்தார். வழியில் அஜின்கோர்ட்டில் மட்டன் ரோல்ஸ் வாங்கினோம். (வழியை விட்டு விலகித்தான் போனோம். அண்ணைக்கு அந்தக் கடை ரோல்ஸ்தான் வேண்டும்.)

யார்ட்டில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் புல்லுக்குள் நின்றன. அவற்றுக்கு அப்பால் சோளவயல். எங்களுடைய அதே கொம்பனி ஓனிங் ஒரு வண்டியில்தான் இருந்தது. அது வேலை செய்கிறது என்று காட்டுவதற்காக யார்ட்காரர் அதை முழுதாக விரித்து வைத்தார். எங்கள் வண்டிக்குள் யார் இருப்பது என்று கேட்டார். சொன்னேன். அவர் மடக்குக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து அந்த நிழலின் நடுவில் வைத்தார். எங்கள் கதவு நிழலுக்குள் வரும்வரை அண்ணை வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்.

அம்மா இறங்கி, கதிரையில் கால்களை நீட்டி உட்கார்ந்தார். நேரம் பதினொன்றரை. மூன்று வருடங்களில் அந்த நேரத்தில் அவர் கால் புல்லில் பட்டது அன்றுதான். காற்றில் சோளம் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பியதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அது கையிலேயே ஆறியது.

எங்களுக்கு வேண்டிய கை, அம்மாவுக்கு மேலே அந்தத் துணியைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அண்ணை கருவிப்பெட்டியோடு வந்து தலையைச் சொறிந்தார். "அன்ரி, நீங்கள் எழும்பினாத்தான் நான் உதைக் கழட்டலாம்."

"அப்ப நாளைக்குக் கழட்டு, தம்பி," என்றார் அம்மா, வயலைப் பார்த்தபடியே.

அண்ணை புல்லில் உட்கார்ந்து இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டார். யார்ட்காரருக்கும் ஒன்று கொடுத்தோம். உறைப்பில் அவருக்கு மூக்கு ஒழுகியது. ஒரு மணியளவில் அம்மாவே எழுந்து, கதிரையைத் தொட்டு, "இதை எடுத்துப்போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கழற்றிப் பூட்ட இரண்டு மணித்தியாலம் எடுத்தது. பிறகு எங்கள் ஓனிங்கை இழுத்தேன். பாதியில் ஒருமுறை இறுகி நின்றது. பின்பு மெல்ல முழுதாக விரிந்தது. கதவைத் தட்டினேன். கதிரை அங்கேயே இருந்தது. அம்மா வந்து, போன தடவையைப் போலவே கால்களை நீட்டி உட்கார்ந்தார்.

இதுபோன்ற வேலைக்குப் போகிறவர்கள், எந்தப் பக்கத்துக் கை என்று வெளியே நின்று பாருங்கள். பார்த்துப் படமும் எடுங்கள். துணி சுற்றியிருக்கும் உருளைக்குள் உள்ள ஸ்பிரிங் மிகவும் இறுக்கமானது. துணியை முழுதாகச் சுருட்டி, ஸ்பிரிங்கைப் பூட்டாமல் ஒரு திருகாணியையும் தளர்த்தாதீர்கள். தனியாகச் செய்யாதீர்கள். கைக்கும் பட்டிக்கும் சேர்த்து 160 டொலர் கொடுத்தோம். பிற்பகலில் நிழல் நகரும். கதிரையை நகர்த்த இடம் விட்டு வண்டியை நிறுத்துங்கள்.

அடுத்த கிழமை ஏரிக்குப் போனோம். நிழலில் இருந்து அம்மா நீண்ட நேரம் தண்ணீரைப் பார்த்தார். எப்படி என்று கேட்டேன்.

"வடிவாத்தான் இருக்கு, பிள்ளை. ஆனா அந்த உடைஞ்ச வண்டியளிட்ட ஒருக்காப் போவம். சோளம் முத்தியிருக்கும்."