ஒரே ஒரு ஆட்டம் பாருங்கள்: ஆம்பூரில் ஷமீம் மிஸ்ஸின் மைதானம்

ஐப்பசி மழையில் எதற்கு ஆம்பூர், பிரியாணி வேண்டுமென்றால் பூந்தமல்லியிலேயே தெருவுக்கு நாலு கடை இருக்கிறதே என்று கேட்டார் என் கணவர். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நான் போனது பிரியாணிக்கு அல்ல, சாஃப்ட்பால் பார்க்க. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் நான் படித்த பெண்கள் கல்லூரி இருக்கிறது. அதன் மைதானத்தில் ஞாயிறு காலை கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டம். எங்கள் பயிற்சியாளர் ஷமீம் மிஸ் வெள்ளிக்கிழமை போன் செய்து, வர முடியுமா என்று கேட்டார். படிப்பை முடித்த இந்தப் பத்தொன்பது வருடத்தில் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை, பையை எடுத்து வைத்தேன்.

ஞாயிறு காலை 5.10க்குப் பூந்தமல்லியில் வேலூர் அரசுப் பேருந்து. ஏறக்குறைய 120 கிலோமீட்டர், டிக்கெட் 140 ரூபாய். சத்துவாச்சாரி வந்ததுமே பாதிப் பேர் எழுந்து படிக்கட்டுக்கு வந்து நிற்பார்கள். அது எங்கள் மாவட்டத்துப் பழக்கம், நீங்கள் ஏமாற வேண்டாம். பேருந்து நிலையத்துக்கு இன்னும் பத்து நிமிடம் ஆகும். 7.50க்கு வேலூர். பொங்கலும் டீயும் 60 ரூபாய். 8.15க்கு ஆம்பூர் வண்டி, 50 கிலோமீட்டர், 48 ரூபாய். பள்ளிகொண்டாவில் பிடித்த மழை ஆம்பூர் வரை விடவில்லை. 9.25க்கு இறங்கியதும் தோல் வாடை மூக்கில் ஏறியது. முதல்முறை வருகிறவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். இரண்டு மணி நேரத்தில் பழகிவிடும், எங்களுக்கு அதுதான் ஊர் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

பேருந்து நிலையத்திலிருந்து கல்லூரி 7 கிலோமீட்டர். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது தெரிந்தும் அவசரத்தில் 120 ரூபாய் கொடுத்து ஆட்டோ பிடித்தேன். கல்லூரி பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பந்து மிஸ்ஸ பாக்கவா? எங்க வூட்டுக்காரி அவங்ககிட்ட ஆடுனவதான். கல்யாணமாயி பத்து வருசமாச்சி, இன்னிக்கும் குறி தப்பல. நான் ஜாஸ்தி வாய் குடுக்கறதில்ல" என்றார்.

கல்லூரி வாசலில் இறங்கும்போது மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். ஆட்டம் திங்கட்கிழமை காலை 10.30க்குத் தள்ளிவைக்கப்பட்டது. நான் வேலை செய்யும் தபால் நிலையத்துக்கு ஒரு நாள் விடுப்பு சொல்லிவிட்டு, ஆம்பூரில் 850 ரூபாய்க்கு அறை எடுத்தேன். சுத்தமான அறை, வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும்.

நல்லதாகப் போயிற்று என்றுதான் சொல்வேன். மழை பெய்ததால் ஞாயிறு முழுவதும் விளையாட்டு அறையில் மிஸ்ஸோடு உட்கார முடிந்தது. அலமாரி கொள்ளாமல் கோப்பைகள் தரைக்கு இறங்கியிருந்தன. மண்டலக் கோப்பை மட்டும் பதினான்கு. இத்தனைக்கும் இருபத்து மூன்று வருடம் முன்பு மிஸ் தற்காலிக உடற்பயிற்சி ஆசிரியையாக வந்து சேர்ந்தபோது, பெண்பிள்ளைகளுக்கு ரிங் போதும் என்று இரண்டு ரப்பர் வளையத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். சாஃப்ட்பால் என்றால் என்ன என்று அவருக்கே ஒரு பயிற்சி முகாமில்தான் தெரிந்தது. பந்தைத் தோளுக்குக் கீழிருந்து வீச வேண்டும், மட்டையால் அடித்துவிட்டு மூன்று பேஸ்களைத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பினால் ஒரு ரன். விளையாட்டு அவ்வளவுதான், நீங்களும் பார்த்தால் புரிந்துகொள்வீர்கள்.

கையுறை வாங்க வழியில்லாத அந்த நாளில், ஷூ கம்பெனி சாம்பிள் பிரிவில் வேலை செய்த ஒரு அக்கா கழித்துப்போட்ட தோலில் ஒன்பது கையுறை தைத்துக் கொடுத்தார். செங்கல்லைக் கையில் மாட்டியது மாதிரி கனக்கும். அதை மாட்டிக்கொண்டு ஆடியவர்கள் இன்று ரயில்வேயில் இருக்கிறார்கள், போலீஸில் இருக்கிறார்கள், நாலைந்து பேர் பள்ளிகளில் விளையாட்டு ஆசிரியைகள்.

ஆனால் மிஸ்ஸின் பெரிய ஆட்டமெல்லாம் மைதானத்தில் நடந்ததே இல்லை என்பேன். அவை நடந்தது வீடுகளில். எங்கள் பக்கம் அம்மா ஷூ கம்பெனிக்குப் போவார், அப்பா தோல் பதனிடும் டேனரிக்கோ வயலுக்கோ போவார். காலை 5.30க்குப் பெண் பயிற்சிக்குப் போனால் வீட்டு வேலை யார் பார்ப்பது, வெளியூர்ப் போட்டி என்றால் யாரை நம்பி அனுப்புவது? மிஸ் ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்தே போவார். ஒருமுறை பயிற்சி ஐந்து நிமிடம் நீண்டு, ஒரு பெண் வீட்டுக்குப் போகத் தாமதமானது. கைக்குழந்தையை அவளிடம் விட்டுவிட்டுப் போகக் காத்திருந்த அம்மா கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டார். மறுநாளிலிருந்து அந்தப் பெண் வரவில்லை. அன்றைக்கு மிஸ் ஒரு சட்டம் போட்டார். பக்கத்து ஷூ கம்பெனியில் காலை எட்டு மணிச் சங்கு ஊதினால், கையில் எது இருந்தாலும் கீழே வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சனிக்கிழமை பயிற்சி நீளம், அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு ஊதும் பன்னிரண்டரைச் சங்கு. பந்து அந்தரத்தில் இருந்தாலும் சரி, சங்கு என்றால் சங்குதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வெளி மாநிலத்துக்கு அனுப்ப மறுக்கிற பெற்றோரிடம் மிஸ் கெஞ்ச மாட்டார். ஒரே ஒரு ஆட்டம் வந்து பாருங்கள், பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் நான் மறுபடி கேட்கவே மாட்டேன் என்பார். கேட்கவும் மாட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அப்பா வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னவர். மிஸ் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அகில இந்தியப் போட்டிக்கு என் இடத்தில் வேறொருத்தி போனாள். அப்பாவை ஒரு மாதத்தில் மன்னித்துவிட்டேன். இன்னொரு தடவை கேட்டிருக்கக் கூடாதா என்று மிஸ் மேல்தான் இத்தனை வருடமும் மனத்தாங்கல்.

இந்த வருடம் அந்த இடத்தில் நிற்பவள் ரேவதி. அணியின் கேட்சர், அதாவது பந்து வீசுபவருக்கு நேர் எதிரே, முகமூடி மாட்டிக்கொண்டு குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவள். பல்கலைக்கழக அணியில் அவள் பெயர் சனிக்கிழமையே வந்துவிட்டது. அடுத்த மாதம் பஞ்சாபில் அகில இந்தியப் போட்டி, போக வர ஒன்பது நாள். அவளுடைய அப்பா ஏழுமலை டேனரியில், தோலை ஊறவைத்துச் சுழற்றும் டிரம் பிரிவில் இருக்கிறார். ஒன்பது நாள் என்றதும் முடியாது என்றுவிட்டார். மிஸ் தன் வழக்கப்படி ஒரே ஒரு ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். அந்த ஒரு ஆட்டம் இந்த இறுதி ஆட்டம்தான்.

திங்கள் காலை வெயில் சுள்ளென்று அடித்தது. ஏழுமலை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தார். சாப்பாட்டு டப்பாவோடு சுவர் ஓரம் தனியாக உட்கார்ந்தார். எங்களுக்கு எதிரே சென்னைக் கல்லூரி ஒன்று. ஏழு இன்னிங்ஸ் ஆட்டம். கடைசி இன்னிங்ஸில் நாங்கள் இரண்டுக்கு ஒன்று என்று முன்னிலை. அவர்களுக்கு இரண்டு பேர் அவுட், மூன்றாவது பேஸில் ஒரு பெண் புறப்பட்ட இடத்துக்கு ஓடிவரக் காத்திருக்கிறாள். இன்னும் ஒரு அவுட் எடுத்தால் கோப்பை எங்களுக்கு. பந்து வந்தது, அடிக்கப் போனவள் தவறவிட்டாள், ரேவதி அழகாகப் பிடித்தாள்.

அப்போது பன்னிரண்டரைச் சங்கு ஊதியது.

ஞாயிறன்று நடந்திருந்தால் கம்பெனிக்கு விடுமுறை, சங்கே கிடையாது. திங்களுக்கு மாற்றியபோது, இருபத்து மூன்று வருடமாக அந்தச் சங்கைக் கேட்டு வாழ்ந்த ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. ரேவதி பந்தைத் தரையில் வைத்தாள். முகமூடியைக் கழற்றினாள். எங்கள் பெண்கள் ஒன்பது பேரும் கையுறையை உருவினார்கள். சுவர் ஓரம் இருந்த அம்மாக்கள் எழுந்துவிட்டார்கள். ஏழுமலை டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் எழுந்து பையைத் தோளில் மாட்டிவிட்டேன். சென்னைப் பெண்ணுக்கு எந்தச் சங்கும் இல்லை, அவள் ஓடிவந்து ரன் எடுத்துக்கொண்டாள். இரண்டுக்கு இரண்டு.

எதிர் அணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ரேவதி தரையில் கிடந்த பந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிஸ் அம்பயரிடம் இடைவேளை கேட்டு உள்ளே போனார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து பந்தை எடுத்து அவள் கையில் வைத்தார். எனக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார்.

"தப்பு உன்னுது இல்லம்மா. நான் சொல்லிக் குடுத்ததத்தான் நீ செஞ்ச. இப்ப வேற சொல்றேன், கேட்டுக்கோ. அம்பயர் கை தூக்கற வரைக்கும் பந்து உன் கைய வுட்டுப் போவக் கூடாது."

ரேவதி முகமூடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் குந்தினாள். அந்த இன்னிங்ஸில் மேலும் ரன் போகவில்லை. நாங்களும் அடிக்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் சென்னை ஒரு ரன் எடுத்தது. அடுத்து இன்னொருத்தி, ரேவதியை விட ஒரு சாண் உயரம், மூன்றாவது பேஸிலிருந்து முழு வேகத்தில் வந்து அவள் மேலேயே விழுந்தாள். ஒரே புழுதி. இரண்டு பேரும் உருண்டார்கள். புழுதி அடங்கியபோது ரேவதி மல்லாக்கப் படுத்திருந்தாள், பந்து இருந்த கை மட்டும் மேலே நின்றது. அம்பயர் கை தூக்கி அவுட் கொடுத்தார். அதற்குப் பிறகும் அவள் கையை இறக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

இருந்தாலும் தோற்றோம். மூன்றுக்கு இரண்டு. நான் திரும்பிப் பார்க்கும்போது சுவர் ஓரம் ஏழுமலை இல்லை. யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் தன் மொபெட்டில் போய்விட்டாராம். ரேவதி அதைக் கேட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகம் கழுவப் போனாள்.

போக நினைப்பவர்களுக்கு வேண்டிய விவரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல மனம் வராது. போட்டிகள் பெரும்பாலும் மழைக்காலத்தில் வருகின்றன, ஆகவே ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இறுதி ஆட்டத்தன்று ஆண்களையும் உள்ளே விடுவார்கள், வாசலில் பெயர் எழுதி, அடையாள அட்டை காட்ட வேண்டும். நிழல் கிடையாது, குடை கட்டாயம். மதியம் ஆம்பூர் கடைத்தெருவில் பிரியாணி 180 ரூபாய், கூடவே வரும் கத்திரிக்காயை ஒதுக்காதீர்கள். ஒன்றரை மணிக்கு மேல் போனால் தீர்ந்துவிடும். மாலை ஆறு மணிக்கு மேலும் சென்னைப் பக்கம் பேருந்து இருக்கிறது, ஆனால் வேலூரில் மாற வேண்டியிருக்கும்.

மூன்றரைக்குக் கல்லூரி வேனில் பெண்களை வீட்டில் விடக் கிளம்பினார்கள், நானும் ஏறிக்கொண்டேன். ஏழுமலையிடம் நான் பேசுகிறேன், நீங்கள்தானே கேட்க மாட்டேன் என்றீர்கள், நான் கேட்கலாம் இல்லையா என்றேன் மிஸ்ஸிடம். வேண்டாம் என்று தலையசைத்தார். பத்தொன்பது வருடத்துக் கோபம் வாய்க்கு வந்துவிட்டது. எங்க வீட்டுலயும் இப்படித்தான் விட்டுட்டீங்க என்று சொல்லியேவிட்டேன்.

மிஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்கப்பாகிட்ட ரெண்டாவது வாட்டி கேட்டிருந்தா நீ வந்திருப்ப. எனக்கும் தெரியும். ஆனா அந்த மிஸ் சொன்ன சொல்லுல நிக்க மாட்டாங்கன்னு உங்க தெரு பூரா சொல்லியிருக்கும். சுமதி, நான் கேக்காததாலதான் அடுத்த வருசம் உங்க தெருவுலருந்து மூணு பொண்ணு வந்தாங்க. மூணு பேரும் வெளியூர் போனாங்க. உன்னைக் கூப்ட்டு இத சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்திச்சி."

அழுதேன் என்பதைச் சொல்வதில் வெட்கமில்லை. அந்த மூன்று பேரையும் எனக்குத் தெரியும். ஒருத்தி ரயில்வேயில் இருக்கிறாள். என் தோல்வி என்று நான் தூக்கிச் சுமந்தது அவர்களுக்கு வழியாக இருந்திருக்கிறது. அன்று அந்த வேனில் உட்கார்ந்திருக்க எனக்குப் பெருமையாக இருந்தது.

ரேவதியின் ஊர் கடைசி நிறுத்தம், கல்லூரியிலிருந்து 14 கிலோமீட்டர். மணி ஐந்து. ஏழுமலை வேலை முடிந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். ரேவதி தலை குனிந்து இறங்கி அவரைத் தாண்டி உள்ளே போனாள். மிஸ் எப்போதும் போல இறங்கி, பெண்ணை விட்டுவிட்டேன் என்று சொன்னார். பஞ்சாபைப் பற்றி ஒரு சொல் இல்லை. திரும்பி வேன் படியில் காலை வைத்துவிட்டார்.

"மேடம்" என்றார் ஏழுமலை. "சங்கு ஊதுனதும் நானும்தான் எழுந்தேன். அல்லாரும் எழுந்தாங்க. அம்மாம் பேரு சிரிச்சப்புறம் மறுபடியும் குந்துனது எம் பொண்ணு ஒருத்திதான்."

மிஸ் படியில் நின்றபடியே ஆமாம் என்றார்.

"அந்தப் பஞ்சாப்ல, வெளியாளுங்க குந்திப் பாக்க எடம் இருக்குமா மேடம்?"