சம்பந்தி கொடுத்த சணப்பு விதை

மலைச்சாமிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை வீரம் என்று சொல்லிச் சொல்லியே அவரைக் கெடுத்தது எங்கள் ஊர்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில், பட்டுப்பூச்சி வளர்க்கும் ஆசையில், சிறுமலை அடிவாரத்தில் இருந்த தன் காட்டில் மல்பெரி நட்டார். செடிகள் வெளுத்துப்போய் நின்றன. மகனுக்குப் பெண் கொடுத்த ஒச்சப்பன், கொடைரோட்டுப் பக்கமிருந்து சணப்பு விதை கொண்டுவந்தார். "மல்பெரிக்கு நடுவுல விதைச்சு, பூக்குறதுக்குள்ள மடக்கி உழுதுருங்க சம்பந்தி. நல்ல உரம்" என்றார்.

சணப்பு வளர்ந்ததும் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார் மலைச்சாமி. வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது. முந்தின வருஷம் அவருடைய கத்தரியை அழித்ததும் வேர்முடிச்சு நோய்தான். கேட்க வேண்டுமா? டீக்கடையில் நின்று கத்தினார்: "சீக்குப் பிடிச்ச விதையைக் குடுத்து எங்குடியக் கெடுத்துட்டான்!" ஒச்சப்பனின் மகள் அய்யம்மாளை விட்டே அத்தனையையும் பிடுங்கி எரிக்கவைத்தார். அந்தப் பெண் வெயிலில் குனிந்து குனிந்து பிடுங்கினாள். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

மழைக்குப் பிறகு, ஊர் ஊராக வந்து விவசாய யோசனை சொல்லும் கிராம சேவக் இருதயநாதன் வந்தார். காட்டின் ஒரு மூலையில் மட்டும் மல்பெரி கருகருவென்று தழைத்திருந்தது. பிடுங்கும்போது கண்ணில் படாமல் தப்பிய சணப்பு சாய்ந்து மக்கிய இடம் அது. மிச்சமிருந்த ஒரு செடியை அவர் பிடுங்கி, முடிச்சைக் கிள்ளிக் காட்டினார்.

"சீக்குன்னா வேரே வீங்கும்ணே. இது ஒட்டிக்கிட்டு இருக்கு, உள்ள சிவப்பா இருக்கு பாருங்க. இதுக்குள்ள நல்ல கிருமி குடியிருக்கு. காத்துல உள்ள சத்தைப் பிடிச்சுச் செடிக்குக் குடுக்கும். செடி மக்குனா அம்புட்டும் மல்பெரிக்குத்தான்."

மலைச்சாமிக்கு முகம் செத்துவிட்டது. மருமகள் கையால் சோறு வாங்கக் கூசி, அன்று பட்டினி கிடந்தார்.

மறுநாள் சம்பந்தி வீட்டுக்குப் பஸ் ஏறினார். பக்கத்து வீட்டிலிருந்த நானும் துணைக்குப் போனேன். அவர் வாய் திறக்குமுன் ஒச்சப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கங்க சம்பந்தி. நீங்க சொன்னது காதுக்கு வந்ததும் எங்காட்டுலயும் பிடுங்கிப் பாத்தேன். அதே முடிச்சு. பயிரையும் விதையையும் எரிச்சுட்டேன். மக மூஞ்சில எப்படி முழிக்கன்னுதான் அங்கிட்டு வரல."

மலைச்சாமி அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார். "சீக்கு இல்ல சம்பந்தி. நாம எரிச்சது நல்ல பயிரு. தப்பு எம்மேல" என்றார்.

ஒச்சப்பன் கோபப்படவில்லை.

"அப்ப நான் எம்மகளைப் பாக்க வரலாமா?" என்று கேட்டார்.

ஊரையே அதட்டிய மனிதர், தலை தூக்க முடியாமல் அழுதார்.