படி இல்லாத வழி

தொண்ணூறுகளில் நாங்கள் மொன்ரியாலுக்கு வந்து கண்ட முதல் கோடையில், எங்கள் கட்டடத்து மேல்மாடிக்காரர் எங்களைத் தன் காரில் ஊர் பார்க்கக் கூட்டிப்போனார். தெற்கே, ஏரியும் அருவியும் உள்ள ஒரு சின்ன ஊர். புதிதாக வருகிற எல்லோரையும் அங்கேதான் கூட்டிப்போவாராம். டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை அவருக்கு. நரைத்த மீசை, வெயிலிலும் கழுத்துவரை பூட்டிய சேர்ட்.

அவரோடு சுற்றிப் பார்ப்பது எரிச்சலான காரியம். அருவிக்கு ஏறக் கொஞ்சப் படிகள்தான். அவரோ காட்டைச் சுற்றிப் போகிற நீண்ட பாதையில் எங்களை நடத்தினார். வழியில் மர வாங்கு கண்ட இடமெல்லாம் இருந்து இளைப்பாறச் சொன்னார். எனக்கும் மனைவிக்கும் அப்போது முப்பது வயதுகூட இல்லை.

பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அண்ணை, படியால ஏறினாக் கெதியாப் போகலாமே?"

"ஓம், போகலாம். என்ர மனிசிக்கு ஊர்ச் சண்டையில செல் பட்டு ஒரு கால் ஏலாமப் போச்சு. அவ வந்தாக் காட்டவெண்டு, படியில்லாத வழியாப் பாத்து வச்சனான்."

"அக்கா எப்ப வாறா?"

"விசா கிடைச்சது. அதுக்கு முன்னமே அவ செத்துப் போயிட்டா."

நானும் மனைவியும் முன்னால் நடந்தோம். கொஞ்சத் தூரம் போனபின் பின்னால் தனியே வந்த அவர் குரல் தாழ்வாகக் கேட்டது.

"இதில வேர் கிடக்கு. என்ர தோளைப் பிடி."

அருவி வரும்வரை நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.