திருச்சியில் இறங்காத விமானம்

எனக்கு அப்போது ஒன்பது வயது. தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்துக்காகத் திருக்கடையூரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தோம். சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியப்பா, ஏழு வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் ஊருக்கு வருவதாக இருந்தது. விமானம் ஏறிவிட்டதாக இரவு இரண்டு மணிக்குச் செய்தி அனுப்பியிருந்தார். காலை ஆறு மணிக்குத் திருச்சியில் இறங்கினால் முகூர்த்தத்துக்கு வந்துவிடலாம். அழைத்துவரக் கார் போயிருந்தது.

விமானங்கள் போகும் பாதையைக் காட்டும் வரைபடம் அப்பாவின் போனில் இருந்தது. அதைப் பார்த்துச் சொல்வது என் வேலை. கடலுக்கு மேல் நகர்ந்துகொண்டிருந்த மஞ்சள் விமானம் முத்துப்பேட்டைப் பக்கம் கரையேறியதும் நான் கத்தினேன். எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

ஆனால் திருச்சிக்குப் போன விமானம் இறங்கவில்லை. வட்டமடித்தது. திரும்பவும் வட்டமடித்தது. கார் டிரைவரிடமிருந்து போன் வந்தது.

"ஒரே பனிங்க. எதிர்ல ஆளே தெரியல. மேல சத்தம் மட்டும் கேக்குது."

பெட்ரோல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அத்தை கேட்டாள். புது வேட்டியில் தாத்தா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தனாவது சுத்தும்மா?"

"நாலாவது தாத்தா."

ஐந்தாவது சுற்றுக்குப் போகாமல் அது வடக்கே திரும்பியது. சென்னைக்குப் போகிறது என்றார் அப்பா. அது அங்கே தரையைத் தொடும்வரை யாரும் காப்பி டம்ளரைக்கூடத் தொடவில்லை. இறங்கிவிட்டது என்று நான் சொன்னதும் அத்தை அழுதாள். தாத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

உடனே என் கையிலிருந்த போன் ஒலித்தது. பெரியப்பா.

"சென்னையில எறக்கிட்டாங்கம்மா. தாத்தாவை மணையில உக்காரச் சொல்லு, நான் வந்துர்றேன்."

அவர் குரலுக்குப் பின்னால் நான்கு மொழிகளில் மாறி மாறி ஓர் அறிவிப்பு கேட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் பேசும்போது கேட்கிற அதே சிங்கப்பூர் ரயில் நிலைய அறிவிப்பு. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் போனை வாங்கிக் காதில் வைத்தார். அவர் முகம் மாறியது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, என்னைப் பார்க்காமலே எல்லோருக்கும் சொன்னார்: "அண்ணன் நல்லா இருக்கு. வர மதியம் ஆயிடுமாம்."

"புள்ள நல்லா இருக்கான்ல, அது போதும். நேரத்தை விட்றாதீங்க" என்று தாத்தா எழுந்தார். பெரியப்பா ஊற்ற வேண்டிய முதல் கலச நீரை அப்பா ஊற்றினார்.

பந்தி முடிந்து, சொந்தக்காரர்கள் போன பிறகுதான் அப்பா தாத்தாவிடம் உண்மையைச் சொன்னார். பெரியப்பாவுக்குக் கடைசிவரை லீவு கிடைக்கவில்லை. இந்த முறையும் வரமுடியாது என்று சொல்ல வாய் வராமல், ஏறிவிட்டதாகச் சொல்லிவிட்டார். விடிந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தவருக்குப் பனி ஒரு சாக்கானது. அந்த விமானத்தை அவரும் அங்கிருந்து போனில் பார்த்துக்கொண்டேதான் இருந்தாராம்.

பெரியப்பாவிடம் பேசத் தாத்தா போனை வாங்கினார். திட்டப்போகிறார் என்று நான் அம்மாவின் பின்னால் ஒதுங்கினேன்.

"நீ அதுல இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடா? காலையிலேர்ந்து செத்துப் பொழைச்சேன்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார்.

எனக்கும் நிம்மதியாகிவிட்டது; நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சிரிக்கிறவர் எதற்காகத் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.