டிராலி தள்ளிய அண்ணாச்சி

உங்கள் தெரு மளிகைக் கடைக்காரரை நீங்கள் எங்கே பார்ப்பீர்கள்? கடையில்தானே? கல்லாவுக்குப் பின்னால், சீரகப் பொட்டலம் மடித்துக்கொண்டு...

எங்கள் அண்ணாச்சியை நான் சென்ற மாதம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பார்த்தேன். டிராலி தள்ளிக்கொண்டிருந்தார்!

அன்றைக்குத்தான் தூத்துக்குடி டவுனுக்கு வந்து புதுக் கண்ணாடி வாங்கிப் போட்டிருந்தேன். பவர் தப்பாகிவிட்டதோ என்று சந்தேகம். கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தேன். அவரேதான். அதே வெள்ளைச் சட்டை, அதே திருநீறு. எப்போதும் தோளில் கிடக்கும் துண்டு மட்டும் டிராலியின் மேல் விரித்துக் கிடந்தது. உள்ளே இருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதைப் போல.

தங்கப்பாண்டி அண்ணாச்சிக்கு முத்தையாபுரத்தில் எங்கள் தெரு முனையில் கடை. ஹார்பருக்கும் கம்பெனிகளுக்கும் ஷிஃப்ட் போகிறவர்கள் பஸ் ஏறும் முன் டீத்தூளும் தீப்பெட்டியும் வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டு ஓடும் கடை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு அங்கேதான் மளிகை. முழுக்க முழுக்க அங்கேதானா என்று கேட்டால்... இல்லை. டவுனுக்கு வந்து ஆஃபர் போர்டைப் பார்த்துவிட்டால் கால் தானாக உள்ளே போய்விடுகிறது. உங்களுக்கு மட்டும் போகாதா என்ன?

வேறு என்ன செய்வது, சொல்லுங்கள்! பிஸ்கட் விலை ஏறவில்லை – பாக்கெட் இளைத்துவிட்டது. சோப்பு விலை ஏறவில்லை – மாதம் பாதி போவதற்குள் சில்லாகிக் கையோடு வந்துவிடுகிறது. தேங்காயைப் பற்றிப் பேசவே வேண்டாம். தேங்காய் அரைக்காமல் மீன் குழம்பு வைக்கத் தெரியாத ஊர் இது. இங்கேயே ஒரு முழுத் தேங்காயை உடைக்க இரண்டு முறை யோசிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் ஒரு மூடியை ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நாள் கழித்து மோந்து பார்த்து அரைக்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அன்று அந்த சூப்பர் மார்க்கெட்டில் சூரியகாந்தி எண்ணெய்க்கு ஆஃபர். பெரிய மஞ்சள் போர்டு. அதன் கீழே சின்ன எழுத்தில்: 'ஒரு பில்லுக்கு மூன்று பாக்கெட் மட்டும்; ஒரு வீட்டுக்கு ஒரு பில்'. நானும் மூன்று எடுத்துக்கொண்டு வரிசைக்கு வந்தேன். எனக்கு முன்னால் அண்ணாச்சி.

"அண்ணாச்சி!" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். "அட, தங்கச்சியா... சும்மாதான், டவுன்ல ஒரு சோலியா வந்தேன்..." சொல்லிக்கொண்டே துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினார். அதற்கு மேல் பேச விருப்பமில்லாதவர் போல முன்னால் பார்த்துக்கொண்டார்.

என் வாய் சும்மா இருக்குமா? பக்கத்து கவுண்ட்டர் வரிசையில் அண்ணாச்சியின் மனைவி செல்வக்கனி அக்கா நின்றிருந்தார். கையில் மூன்று எண்ணெய் பாக்கெட். புருஷன் இந்தப் பக்கம், பெண்டாட்டி அந்தப் பக்கம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் தவறவிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நல்லது செய்வதாக எண்ணி, சத்தமாகவே சொன்னேன்:

"அண்ணாச்சி, அக்காவத் தேடுதீங்களா? அங்கன நிக்காங்க பாருங்க! அவங்களும் எண்ணெய்தான் வாங்குதாங்க!"

பில் போடுகிற பெண் நிமிர்ந்தார். கவுண்ட்டர்களுக்கு நடுவில் நின்றிருந்த சூப்பர்வைசர் – மெரூன் கோட் போட்ட இளம்பெண் – திரும்பினார். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஐயா, நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடா?" என்று கேட்டார் சூப்பர்வைசர். "காலைலயும் ஒரு தடவ வந்து வாங்கிட்டுப் போனீங்கல்ல? அப்பமே நெனச்சேன்."

அண்ணாச்சி டிராலியின் கம்பியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் இருந்த எல்லோரும் அவரையே பார்த்தார்கள். எங்கள் தெருவில் அவர் கணக்குச் சொன்னால் யாரும் திருப்பிக் கூட்டிப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட மனிதரை, ஏதோ எடுத்து ஒளித்தவரைப் பார்ப்பது போல...

"ஏளா, வா போவோம்" என்றார் மனைவியிடம், மெதுவாக.

செல்வக்கனி அக்கா போகவில்லை. பாக்கெட்டுகளைக் கவுண்ட்டரின் மேல் வைத்துவிட்டு நேராக சூப்பர்வைசர் முன்னால் வந்து நின்றார்.

"ஆமாம்மா, ஒரே வீடுதான். முத்தையாபுரத்துல மளிகைக் கடை வச்சிருக்கோம். ஏஜென்சிக்காரன் எங்களுக்குப் போடுத வெலைய விட, நீங்க சனங்களுக்கு விக்க வெல கம்மியா இருக்கு. அப்பம் நாங்க எங்கன போயி வாங்க?"

"கடைக்காரங்களுக்கு ஆஃபர்ல குடுக்கக் கூடாதுக்கா. மேல கேமரா இருக்கு. மேனேஜர் என்னையத்தான் கேப்பாரு" என்றார் அந்தப் பெண். அதட்டலாகச் சொல்லவில்லை. கெஞ்சலாகத்தான் சொன்னார்.

கையில் ஹெல்மெட் மாட்டிய ஒருவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "இவங்க இங்கன அள்ளிட்டுப் போயி அங்கன ஏத்தி விப்பாங்க. நாம வந்து பாத்தா ரேக்கு காலியா இருக்கும்!"

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, இல்லையா? அவரும் ஆஃபரைப் பார்த்து வந்தவர்தானே.

அக்கா அவரிடம் திரும்பினார். "விப்பேன் தம்பி. நாலு ரூவா வச்சுத்தான் விப்பேன். இல்லன்னு சொல்லல. எங்க கடைக்குப் பத்து ரூவாய்க்கு எண்ணெய் கேட்டு கிண்ணத்தத் தூக்கிட்டு வாராங்க. அவங்க எப்படி இங்கன வந்து முழு பாக்கெட்டா வாங்குவாங்க? ஏஜென்சி வெலைக்கு வாங்கி ஊத்துனா அவங்களுக்கு எண்ணெய் கிண்ணத்துல ஒட்டிக்கிட்டுதான் இருக்கும். இந்தக் கடைல பத்து ரூவாய்க்கு ஊத்துவாங்களா? கேட்டுச் சொல்லுங்க. ஊத்துவாங்கன்னா நான் பாக்கெட்ட வச்சிட்டுப் போறேன்."

ஹெல்மெட்காரர் முகம் மாறவில்லை. தன் மூன்று பாக்கெட்டுக்குப் பில் போட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆஃபர், ஆஃபர் என்கிறோமே – அது யாருக்கு? கையில் மொத்தமாகப் பணம் வைத்திருக்கிறவருக்கு. மாதச் சாமான் முழுவதையும் ஒரே நாளில் வாங்க முடிந்தவருக்கு விலை குறைகிறது. அன்றன்றைக்கு வாங்குகிறவருக்கு அதே பொருள் விலை கூடுகிறது. இல்லாதவருக்குத்தான் எல்லாமே விலை அதிகம். இத்தனை வருடமாகப் பை நிறையச் சாமானோடு வெளியே வந்தபோது எனக்கு இது தோன்றவே இல்லை.

சூப்பர்வைசர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அப்போது அக்காவுக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு முன்னால் வந்தார். கையில் ஒரே ஒரு டயப்பர் பாக்கெட். வேறு எதுவும் இல்லை.

"யக்கா, எங்கணக்குல மூணு பாக்கெட்டு போட்டுக்கிடுங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தோம். ஜெசிந்தா என்ற பெயர் எனக்குப் பிறகுதான் தெரியும்.

"நான் வாங்கலாம்லா?" என்று சூப்பர்வைசரைக் கேட்டார். "நான் ஒண்ணும் கடை வைக்கல. திரேஸ்புரத்துல இருக்கேன். எங்க வீட்டுக்காரரு விசைப்படகுல போறவரு. இப்பம் தடைக்காலம், யாரும் கடலுக்குப் போகக் கூடாது. படகு கரைலதான் கெடக்கு. பிள்ளைக்கு இத வாங்கிட்டா எங்கிட்ட எண்ணெய்க்கு ஏது துட்டு? எனக்கு உள்ள ஆஃபர் சும்மாதான போவுது? இவங்க கொண்டு போவட்டும்."

எனக்கு உள்ள ஆஃபர் சும்மாதான போவுது! இந்த ஒரு வரியைச் சொல்ல நான் ஒரு பத்தி முழுக்கச் சுற்றிச் சுற்றி எழுதியிருப்பேன்.

அவ்வளவுதான். பக்கத்து வரிசையிலிருந்து இன்னொரு அம்மா, "எங்க வீட்டுல சமையலே நல்லெண்ணெய்தான். என் செல் நம்பருலயும் ஒரு பில்லு போடும்மா" என்றார். கல்லூரிப் பெண் ஒருத்தி, தான் வாங்கியிருந்த ஐஸ்கிரீமோடு மூன்று பாக்கெட்டைச் சேர்த்து வைத்தாள். அவர்களைக் காட்டிக்கொடுத்த நான் மட்டும் என் மூன்று பாக்கெட்டோடு வீட்டுக்குப் போக முடியுமா? நானும் அதே கவுண்ட்டரில் வைத்தேன்.

சூப்பர்வைசர் ஒருமுறை கேமராவை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "கஸ்டமர் அவங்க பேருல வாங்குனா நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்று உரக்கச் சொன்னார் – கேமராவுக்கும் கேட்கட்டும் என்பது போல. எங்களைக் கடந்து போகும்போது அக்காவிடம் மட்டும் தணிந்த குரலில், "எங்கம்மாவும் பத்து ரூவாய்க்குத்தான் வாங்குவாங்கக்கா" என்றார்.

அண்ணாச்சி எல்லோருக்கும் பணம் கொடுத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் கொடுத்தார். ஜெசிந்தாவுக்குச் சில்லறை கொஞ்சம் கூடுதலாகவே போயிருக்க வேண்டும். அந்தப் பெண் அதை எண்ணிப் பார்த்து மீதியைத் திருப்பி அவர் கையில் வைத்தார்.

திரும்பும்போது ஒரே ஆட்டோ. எண்ணெய்ப் பெட்டி நடுவில், நானும் அக்காவும் இரண்டு பக்கம், அண்ணாச்சி டிரைவருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு. நான் மன்னிப்புக் கேட்டேன். உப்பளம் தாண்டும்போது அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார்.

"ஒங்க மேல ஒண்ணும் இல்ல தங்கச்சி. நான்தான்... குடுக்க எடத்துலயே நின்னு பழகிட்டேன். வாங்குத எடத்துல நிக்கத் தெரியல." மறுபடி ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "ஹார்பர் பக்கம் ஒரு குடோன்ல வாட்ச்மேன் கேக்காங்க. கடைய சாத்திட்டுப் போயிரலாமான்னு பாக்கேன். மாசம் பொறந்தா சம்பளம். எவங்கிட்டயும் தல குனிஞ்சு நிக்க வேண்டாம்."

"ஏங்க, என்ன செஞ்சிட்டோம்னு தல குனியணும்?" அக்காவுக்குக் குரல் ஏறிவிட்டது. "துட்டக் குடுத்துத்தான வாங்குனோம்? எல்லாரு வீட்டுலயும் வெலவாசி ஏறுது. கடைக்காரன் வீட்டுல மட்டும் ஏறாதா? ஏறுத வெலைக்கே வெக்கம் இல்ல, நமக்கு எதுக்கு வெக்கம்?"

ஆட்டோ டிரைவர் சிரித்துவிட்டார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. ஆனால் தோளில் துண்டைச் சரியாகப் போட்டுக்கொண்டு, "ஒங்க அக்கா பேசுனா நிறுத்த மாட்டா" என்றார். அவர் குரலில் ஒரு பெருமை இருந்ததா, எனக்கு மட்டும் அப்படிக் கேட்டதா... தெரியவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அக்காவின் வேலை. கிளம்புவதற்கு முன்பே ஜெசிந்தாவின் நம்பரை வாங்கி வைத்திருந்தார். ஸ்ரீவைகுண்டத்தில் அண்ணாச்சியின் மச்சான் ஒருவருக்குத் தென்னந்தோப்பு. அங்கிருந்து நேராகக் கடைக்குத் தேங்காய் வருகிறது. தோப்பு விலையும் ஏறித்தான் இருக்கிறது; ஆனாலும் டவுன் விலையோடு பார்த்தால் நல்ல வித்தியாசம். மீனவர் வீடுகளில் தேங்காய் இல்லாமல் எப்படி?

வாரம் ஒருநாள் அக்கா ஒரு சாக்குத் தேங்காயோடு பஸ் ஏறி திரேஸ்புரம் போனார். ஜெசிந்தாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் அக்கா கொடுத்த பணத்தில் தங்கள் செல் நம்பர்களில் பில் போட்டு எண்ணெயை வாங்கி வைத்திருந்தார்கள். தேங்காய் அங்கே இறங்கியது, எண்ணெய் இங்கே ஏறியது. தேங்காய்க்குத் தோப்பு விலையும் பஸ் சார்ஜும் மட்டும்தான் வாங்கினாராம்.

சூப்பர் மார்க்கெட் சும்மா இருக்குமா? அடுத்த வாரமே போர்டில் மூன்று என்பது இரண்டு ஆகிவிட்டது! அக்கா அசரவில்லை. இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டார்.

இதனால் அண்ணாச்சி பணக்காரர் ஆகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். கரண்ட் பில் வரும்போது அவர் முகம் வாடத்தான் செய்கிறது. ஏஜென்சிக்காரர் இன்னும் விலையைக் குறைக்கவில்லை. ஆனால் கிண்ணத்தோடு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் தாராளமாக ஊற்ற முடிகிறது. குடோன் வாட்ச்மேன் வேலைக்கு அவர் போய்க் கேட்கவே இல்லை. நான் ஒருநாள் மெல்ல விசாரித்தபோது, "அதுக்கு ஆள் போட்டிருப்பாங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வெல்லத்தை நிறுக்கப் போய்விட்டார்.

என் பத்திகளைப் படித்துவிட்டு, வீட்டுச் செலவை எப்படிச் சமாளிப்பது என்று அடிக்கடி என்னிடம் கேட்கிறீர்கள். எனக்கென்ன தெரியும்? நானே தேங்காய் மூடியை மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறவள். ஒன்று மட்டும் புரிகிறது. விலை ஏறினால் நாம் ஒவ்வொருவரும் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியாகக் கணக்குப் போடுகிறோம். பக்கத்து வீட்டில் எது மிஞ்சுகிறது, நம் வீட்டில் எது மிஞ்சுகிறது என்று பேசிக்கொள்ள வெட்கம். அந்த வெட்கத்துக்கும் சேர்த்துத்தான் நாம் செலவழித்துக்கொண்டிருக்கிறோமோ?

நேற்று முன்தினம் அண்ணாச்சி கடையில் நின்றிருந்தேன். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன அண்ணாச்சி, டவுன் சூப்பர் மார்க்கெட்டுல இதே பாக்கெட்டு நாலு ரூவா கம்மி, தெரியுமா?"

நான் பதறிப்போய் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"அப்படியாம்மா? எந்தக் கடைல?"