கடலுக்குள் போட்ட போர்வெல்

எனக்குக் கோபம் வந்தால் எதிரில் நிற்பது யார் என்றெல்லாம் பார்க்கமாட்டேன். பால் சொசைட்டியில் அளவைக் குறைத்து எழுதியவனை அத்தனை பேர் முன்னால் கிழித்திருக்கிறேன். மானியத்துக்கு ஆறு நடை நடக்கவிட்ட கிருஷி பவன் விவசாய ஆபீசரை மலையாளத்திலேயே பிடிபிடியென்று பிடித்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் பயந்து செத்த கதை இது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே.

எங்கள் ஊர் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், பெருமாட்டிப் பக்கம். மூன்று ஏக்கர் தென்னை. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்தாக வேண்டும், இரண்டு மாதத்துக்கு மேல் தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இன்சூரன்ஸ் கார்டு பாதிச் செலவுக்குக்கூட வராது. கிணற்றோரம் நின்ற தேக்கு மரங்களை விற்றோம், மூன்று லட்சம் வந்தது. அவருக்கு பேங்க் வாசலை மிதிப்பதென்றாலே ஆகாது. அதனால் பணம் என் கணக்கில் விழுந்தது. ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்தாயிற்று. நடுவில் ஆறு வாரம் இருந்தது. அந்த ஆறு வாரம்தான் என்னைக் கெடுத்தது.

உரக்கடை வைத்திருக்கிற என் கொழுந்தனார்தான் எனக்கு டிமேட் கணக்கு திறந்து கொடுத்தவர். பால் பணத்தில் மாதாமாதம் கொஞ்சம் ஷேர் வாங்குவேன், பெரிதாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒருநாள் கடைக்குப் போனபோது போனை நீட்டினார். நடுக்கடலில் எண்ணெயும் வாயுவும் தேடித் துளை போடுகிற ஒரு சின்னக் கம்பெனி. அதன் ஷேர் ஒரு தேங்காய் விலைக்குக்கூட இல்லை.

"நங்கையா, நம்ம காட்டுல போர் போடறாப்லயே தானுங்க. இவீங்க கடலுக்குள்ள போடறாங்க. வாயு கெடச்சுதுன்னா ஒண்ணு பத்தாயிருமுங்க" என்றார். அண்ணியை நங்கையா என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

போர் போடுவதைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கேரளா என்றால் மழையும் பச்சையும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் கிழக்குக் காட்டை வந்து பார்க்கவேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் நாலு துளை, அதில் மூன்று வறண்டு கிடக்கும். போர் வண்டி வந்து இறங்கினால் குடும்பமே சுற்றி நிற்போம். வெள்ளைப் புகையாகப் பறந்தால் வெறும் பாறை. புகை அடங்கி ஈரச்சேறு தெறித்துவிட்டால் அப்புறம் யாரும் நிறுத்தமாட்டார்கள். கையில் இருப்பதைக் கொடுத்து, அது போதாவிட்டால் கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக் கொடுத்து, "இன்னொரு நூறடி உடுங்க" என்பார்கள். ஈரத்தைக் கண்ட பிறகு வண்டியைத் திருப்பி அனுப்பினவனை ஊரே சிரிக்கும்.

முதலில் பால் பணத்தில் கொஞ்சம்தான் வாங்கினேன். இரண்டு வாரம் கழித்துக் கம்பெனி ஓர் அறிக்கை விட்டது. துளையில் வாயு இருப்பதற்கான அறிகுறி தெரிகிறதாம், முழுச் சோதனை முடிவு பின்னால் வருமாம். அந்த ஷேரை வாங்கினவர்களுக்கென்று இருந்த வாட்ஸ்அப் குரூப் துள்ளிக் குதித்தது. நான் அறிகுறி என்ற சொல்லைப் படிக்கவே இல்லை. ஈரம் என்றுதான் படித்தேன்.

என் வீட்டுக்காரர் தென்னைக்குப் பாத்தி சரிசெய்துகொண்டிருந்தார். பத்து வெட்டு வெட்டினால் ஒரு தடவை மண்வெட்டியை ஊன்றி நின்று மூச்சு வாங்குவார்.

"ஏனுங்க, எண்ணூறு அடியில ஈரம் வந்தா நிறுத்திப்போடுவீங்களா?" என்று கேட்டேன்.

"ஈரம் வந்தப்பறம் எவனாச்சு நிறுத்துவானா புள்ள?" என்று சிரித்தார். "யாரூட்ல போர் போடறாங்க?"

"ஒறம்பரை ஊட்லீங்க" என்றேன். சொந்தக்காரர் வீடு என்று வாய் கூசாமல் வந்தது பொய்.

மறுநாள் காலையில் மூன்று லட்சத்துக்கும் அந்த ஷேரை வாங்கினேன். முடிவு வந்ததும் விற்றுவிடுவது, ஆபரேஷனும் நடக்கும், ஏசி ரூமும் எடுக்கலாம், மிச்சத்தில் தோப்புக்கு மோட்டாரும் மாற்றலாம். கூறுகெட்டவள், மனசுக்குள் மோட்டார் கம்பெனிகூடத் தேர்வு செய்துவிட்டேன்.

பத்தாம் நாள் காலை மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருக்கும்போது கொழுந்தனாரிடமிருந்து போன். "நங்கையா, பாத்தீங்களா?" என்றார். தவிட்டுக் கையோடு திறந்து பார்த்தேன். எடுத்து விற்கிற அளவுக்கு வாயு இல்லை, துளையை அடைத்துக் கைவிடுகிறோம் என்று கம்பெனி இரண்டே வரியில் முடித்திருந்தது.

சந்தை திறந்த நிமிஷமே விற்கப் போட்டேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் இறங்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. திறந்ததும் விலை அந்த வரம்பில் போய் முட்டி நின்றுகொண்டது. விற்கிறவர்கள் வரிசையில் லட்சக்கணக்கான ஷேர், வாங்குகிறவர்கள் பக்கம் பூஜ்யம். அடுத்த நாள் அதற்கும் கீழே, அதற்கடுத்த நாள் இன்னும் கீழே. கண்ணெதிரே பணம் போகிறது, கையை நீட்டிப் பிடிக்க முடியவில்லை. குரூப்பில் ஒருத்தர் அழுதார், ஒருத்தர் கம்பெனிக்காரன் பரம்பரையையே திட்டினார். வண்டன்மேட்டு ஏலக்காய் விவசாயி ஒருவர், "சாக்கைக் கட்டி வைக்கிற மாதிரி வைங்க, விலை திரும்பும்" என்று எழுதினார். பாழாய்ப் போனவனே, ஆபரேஷனைச் சாக்கில் கட்டி வைக்க முடியுமா?

அந்த நாட்களில் அவர் இருமினால் அடுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். சட்டை பட்டன் போட நெஞ்சுக்குக் கை போனாலே, "என்னங்க, வலிக்குதுங்களா?" என்று ஓடுவேன். "உனக்கு என்ன புள்ள ஆச்சு, சோத்துல உப்பே இல்ல" என்பார். ஐந்தாம் நாள் ஒருவழியாக விற்றது. எண்பதாயிரத்துச் சொச்சம் மிஞ்சியது.

ஆபரேஷனுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, காலையில் அடுப்படியில் அவருக்குத் தோசை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடித்தால் வாங்கிக்கொள்வது, பொறந்த ஊட்டுக்குப் போகச் சொன்னால் போய்விடுவது என்று தயாராகத்தான் இருந்தேன். அவர் தோசையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டார்.

"அப்ப அந்தத் தேதி?" என்று கேட்டார்.

"தள்ளித்தானுங்க போடோணும்."

"செரி உடு. வெசனப்படாத புள்ள. பொறவு பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்டார்.

தங்கமான மனுஷன், இவரைப் போய் ஏமாற்றினேனே என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அழுது முடிப்பதற்குள் திண்ணக்கமாக, யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டார். தானாக யாருக்கும் போன் பண்ணத் தெரியாத மனுஷன்! இப்போதைக்கு வேண்டாம், தோதுப்படும்போது சொல்றோம் என்று அவர் சொன்ன குரல், பரீட்சை நின்றுபோன பள்ளிக்கூடத்துப் பையன் குரல். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மரம் விற்ற நாளிலிருந்து, தேதி குறித்த நாளிலிருந்து, இந்த மனுஷன் கத்திக்குப் பயந்து உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். தப்பிக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தவருக்கு நானே வழியைத் திறந்துவிட்டிருக்கிறேன். பணம் போனபோது வந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வளையலையும் ஆரத்தையும் அடகு வைத்துப் பணத்தைத் தேற்றினேன். கொழுந்தனாரும் குற்ற உணர்ச்சியில் ஐம்பதாயிரம் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பேருமாக அவர் முன்னால் உட்கார்ந்து, தேதி வாங்கலாம் என்று சொன்னோம். அவர் தம்பியைப் பார்த்துச் சிரித்தார்.

"அவசரமா இருந்திருந்தா உங்க நங்கையா அந்தப் பணத்த எடுத்திருப்பாளா? ஒண்ணும் ஆகலீல்ல. இப்ப நல்லாத்தான இருக்கறேன்."

குத்திக் காட்டவில்லை. அதை நிஜமாகவே ஒரு நியாயமாகத்தான் சொன்னார். அதட்டி, காரில் தள்ளி, கோயமுத்தூருக்குக் கூட்டிப்போக என்னால் முடியும். முப்பது வருஷத்தில் எதெதற்கோ இந்த மனுஷனோடு தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். ஆனால் அந்தப் பணத்தை எடுத்தவள் எந்த வாயால் அவசரம் என்று கத்துவது?

டாக்டர் சொன்ன கெடு தாண்டி நாற்பது நாளாகிறது. பணம் பீரோவில் அப்படியே இருக்கிறது. அவர் தோப்புக்குப் போனால் அரைமணிக்கு ஒருதரம் போன் அடிக்கிறேன். நாலு தடவை அடித்தும் எடுக்காவிட்டால் செருப்புக்கூடப் போடாமல் கேட் வரைக்கும் ஓடிவிடுகிறேன். "என்ன புள்ள?" என்று குரல் கேட்ட பிறகுதான் மூச்சு வருகிறது. கேட்டதும் என்ன சொல்வதென்று தெரியாமல், சாப்பிட வாங்க என்கிறேன். அப்போது மணி பத்துகூட ஆகியிருக்காது.