பங்குப் பத்திரத்தில் நான் சேர்த்த வரி

நெய்வேலியில் எனக்கு வேலை கிடைத்தது அப்பா இறந்ததால். சுரங்கத்தில் ஷிப்டில் இருந்தபோதே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து சில மாதங்களில் தொழில்நுட்ப நூலகத்தில் என்னை உட்கார வைத்தார்கள். மண் வெட்டும் பெரிய இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அவற்றின் கையேடுகளைப் படிக்க ஆள் வேண்டுமென்று ஆபீஸ் செலவிலேயே மெட்ராசுக்கு அனுப்பி ஜெர்மன் படிக்க வைத்தார்கள். திரும்பி வந்தபோது எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறியிருந்தது. பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எண்பதுகளின் நடுவில், இயந்திரம் பூட்ட வந்திருந்த ஜெர்மன்காரர் ஒருவர் ஒரு மத்தியானம் என் மேசையில் நாலு தாள்களை வைத்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மனைவி இல்லை, ஊரில் ஒரே மகள். மூன்றரை வருடத்துக்கு முன் அவருடைய கம்பெனியை ஓர் ஆங்கிலேயக் கம்பெனி வாங்கி, பழைய ஆட்களுக்குப் பங்குகள் எழுதிக் கொடுத்திருந்தது. எழுதியது ஆங்கிலத்தில். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் ஸ்பேனர், போல்ட்டோடு சரி. ஜெர்மனில் எழுதித் தரச் சொன்னார்.

பங்குகள் அவர் பெயரில் இருந்தன, ஆனால் இன்னும் அவருடையவை அல்ல. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தால்தான் உரிமை கைக்கு வரும். எந்தக் காரணத்தால் அதற்கு முன் பணி முடிந்தாலும் ஒன்றும் கிடையாது. இதற்குப் பொருத்தமான ஒற்றைச் சொல் என் ஜெர்மன் அகராதியில் இல்லை. அது என்னை மிரட்டவில்லை. காண்ட்ராக்ட்டில் சேர்ந்து பெர்மனென்ட் ஆகும் நாளுக்குக் காத்துக்கிடப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். இரண்டு வரியில் விளக்கி எழுதிவிட்டேன்.

தாளை வாங்கிக்கொண்டும் அவர் நகரவில்லை. "நடுவில் நான் செத்துப்போனால்?" என்று கேட்டார்.

அவருக்கு இதயத்தில் கோளாறு. ஊருக்குத் திரும்பி ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். திரும்பினால் வேலை போகும். ஐந்து வருடம் முடிய இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி. கம்பெனியில் விசாரித்தால் நோய் வெளியே தெரிந்துவிடும். அதனால் என்னைக் கேட்டார்.

நான் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் டவுன்ஷிப்பில் செத்தவன் வேலையை விட்டவன் ஆகமாட்டான். அவன் இடத்தில் மகனோ மகளோ வந்து உட்காருவார்கள். நானே உட்கார்ந்திருக்கிறேனே. "உங்கள் மகளுக்குப் போய்ச் சேரும்" என்றேன். அதையும் எழுத்தில் கேட்டார். கடைசியில் ஒரு வரி சேர்த்து டைப் அடித்துக் கொடுத்தேன்.

அவர் ஊருக்குப் போகவில்லை.

பல மாதம் கழித்து எங்கள் அட்டெண்டர், சேத்தியாத்தோப்புப் பக்கத்துக்காரர், வந்து சொன்னார். "அந்த தொரை நம்ம லைப்ரரி படியேற முடியாம பாதியிலயே மூச்சு வாங்கிகினு நிக்கிறாருங்க. அவுரு பாசையில நீங்க பேசுவீங்க இல்ல, வூட்டுக்குப் போவச் சொல்லுங்கம்மா."

"எல்லாம் யோசிச்சுத்தான் இருக்காரு" என்றேன்.

ஐந்து வருடம் முடிய நாலு மாதம் இருக்கையில், காலையில் ஜீப்பில் ஏறப் போனவர் கீழே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகு நூலகத்துப் படியில் யார் நின்று மூச்சு வாங்கினாலும் எனக்குக் கை ஓடாது. யாருமே இல்லாத படியிலும் அந்த மூச்சைக் கேட்டிருக்கிறேன். எழுந்து போய் எட்டிப் பார்த்தும் இருக்கிறேன்.

பிறகு அவர் மகளின் கடிதம் வந்தது. அப்பாவின் பங்குகள் கம்பெனிக்கே திரும்பிவிட்டன என்கிறார்களாம். எது சரி என்று கேட்டிருந்தாள். நான் கொடுத்த தாளின் நகலும் கூடவே இருந்தது. நான் சேர்த்த வரியின் கீழ் அவர் பென்சிலால் கோடு போட்டிருந்தார். அதே தாளில், அதற்கு மேலேயே, எந்தக் காரணத்தால் பணி முடிந்தாலும் என்று சரியாக மொழிபெயர்த்திருந்ததும் நான்தான். சாவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆங்கில வாசகம் குழப்பமானது, யாருக்கும் அப்படித்தான் புரியும் என்று பதில் எழுதினேன். பொய். உண்மையைச் சொன்னால் என் அப்பாவால் வந்த வேலை போய்விடுமோ என்று பயந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அவள் நன்றி சொல்லி இன்னொரு கடிதம் எழுதினாள். என் தாளைப் படித்த அன்றே அப்பா அவளுக்கு எழுதினாராம், இனி ஊருக்குத் திரும்ப அவசரமில்லை என்று. கடைசிவரை நிம்மதியாக இருந்தார், அது உங்களால்தான் என்று முடித்திருந்தாள்.